சிவப்பு நாடா: ஓர் ஆங்கில மரபுத்தொடரும் ஓசூர் எல்லைப்புறமும்

சொற்கள் தத்தம் நேர்ப்பொருளை விட்டு விலகி, கூடிநின்று வேறொரு பொருளைத் தரும்போது அக்கூட்டை மரபுத்தொடர் என்பது இலக்கண வழக்கு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்து, இன்று செய்தித்தாள் தலைப்புகளிலும் சட்டமன்ற விவாதங்களிலும் தயக்கமின்றிப் புழங்கும் மரபுத்தொடர்களுள் ‘சிவப்பு நாடா’ என்பது ஒன்று. அலுவலக நடைமுறைகள் எதற்காக ஏற்பட்டனவோ அந்த நோக்கத்தை மறந்து தாமே நோக்கமாகிவிட, செய்யவேண்டிய காரியம் நின்றுபோவதையோ நெடுநாள் தள்ளிப்போவதையோ அது குறிக்கும். எல்லாத் தாமதத்தையும் அச்சொல்லால் சுட்டுவது பொருந்தாது. ஆள் பற்றாக்குறையால் வேலை தேங்கினால் அது வெறும் தாமதம். கைநீட்டிக் காசு கேட்டால் அது லஞ்சம். ஒருவரும் தவறு செய்யாமல், ஒவ்வொருவரும் விதிப்படியே நடந்து, அதனாலேயே காரியம் கெட்டுப்போகும் நிலைக்குத்தான் சிவப்பு நாடா என்று பெயர். இந்த நுட்பமான வேறுபாடு தமிழ் வழக்கில் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

தொடரின் பிறப்பிடம் இங்கிலாந்து. அங்கே வழக்குரைஞர்களின் ஆவணங்களையும் அரசு அலுவலகக் காகிதக் கட்டுகளையும் செந்நிற நாடாவால் கட்டிவைப்பது நெடுங்கால வழக்கம். அக்கட்டை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமே அலுவலகத்தின் அன்றாடமாகிவிட்டதைக் கண்ட எழுத்தாளர்கள், நாடாவையே அலுவலகத்துக்கு ஆகுபெயராக்கினர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இச்சொல் ஏளனச் சொல்லாகப் பரவியதற்கு தாமஸ் கார்லைலும் சார்லஸ் டிக்கன்ஸும் முக்கியக் காரணமாவர். கார்லைல் 1850இல் வெளியிட்ட துண்டு நூல்களில் அரசு இயந்திரத்தை இச்சொல்லால் சாடினார். டிக்கன்ஸ் 1855 முதல் 1857 வரை தொடராக எழுதிய ‘லிட்டில் டாரிட்’ நாவலில், எந்தக் காரியத்தையும் செய்யாமலிருப்பது எப்படி என்பதையே கலையாகக் கற்றுத்தேர்ந்த ஓர் அரசு அலுவலகத்தைப் படைத்துக்காட்டினார். அதே காலத்தில், 1854இல், பிரிட்டிஷ் அரசுப் பணியைச் சீர்திருத்துவது பற்றி நார்த்கோட்டும் டிரெவெல்யனும் அளித்த அறிக்கை போட்டித் தேர்வின் வழியே அரசுப் பணியாளரைத் தெரிவுசெய்யப் பரிந்துரைத்தது. எனவே சிவப்பு நாடா என்ற வசைச்சொல்லும் நவீன அரசு ஊழியர் என்ற பதவியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தவை.

தமிழுக்கு வந்தபோது தொடர் சற்றே உருமாறியது. ஆங்கிலத்தில் நாடா வெட்டப்படும் பொருள். அதை வெட்டுவதாக வாக்களிக்காத அரசியல்வாதி இங்கிலாந்தில் அரியர். தமிழில் அது பெரும்பாலும் ‘சிக்கு’ என்ற வினையோடு சேர்கிறது: திட்டங்கள் சிவப்பு நாடாவில் சிக்குகின்றன, சிக்கிக் கிடக்கின்றன. வெட்டுகிறவரை முன்னிறுத்துகிறது ஆங்கிலம்; மாட்டிக்கொண்டதை முன்னிறுத்துகிறது தமிழ். நிறத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறலாம். இங்கே சிவப்பு என்றால் அபாயம், இல்லையேல் கொடி. நாடாவின் நிறம் ஏன் சிவப்பு என்பது பெரும்பாலான வாசகர்க்கு விளங்காமலே தொடர் செலாவணியாகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்குகின்றன. அம்மக்கள் தாலுகா அலுவலகத்தின் வாசலில் நின்று பேசும்போது சிவப்பு நாடா என்று சொல்வதில்லை. ‘ஃபைல் நகரல’, ‘அலைய விடுறாங்க’, ‘நடையா நடந்து செருப்பு தேஞ்சுபோச்சு’ என்பனவே தமிழர் பேச்சு. தெலுங்கு பேசுவோரும் ‘செப்புலு அரிகேலா திரகடம்’, அதாவது செருப்பு தேயும்படி அலைவது, என்ற அதே படிமத்தையே எடுக்கின்றனர். இவற்றில் எதுவும் மேசைமேலிருக்கும் காகிதக் கட்டைப் பற்றியதன்று. மேசைக்கு இப்பால் நிற்பவரின் கால்களைப் பற்றியது. மனுவின் கதியைச் சொல்ல ‘கிணற்றில் போட்ட கல்’ என்ற தொடரும் உண்டு.

இவை எல்லாவற்றினும் ஆழமானது ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்’ என்ற பழமொழி. இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் ‘தேவுடு வரமிச்சினா பூஜாரி வரமிவ்வடு’ என்றும், கன்னடத்தில் ‘தேவரு வர கொட்டரூ பூஜாரி வர கொடனு’ என்றும் வழங்கும் இதே கருத்து, ஓசூர்ப் பகுதியின் மூன்று திராவிட மொழிகளுக்கும் பொதுச்சொத்து. ஆங்கிலத் தொடரோடு இதை ஒப்பிட்டால் ஒரு முக்கிய வேறுபாடு புலனாகும். ஆங்கிலத் தொடர் குற்றத்தை ஒரு பொருளின்மேல், அதுவும் உயிரற்ற நாடாவின்மேல், ஏற்றுகிறது. இப்பழமொழியோ மேலிருப்பவரின் நல்லெண்ணத்தை ஐயுறாமல், இடையில் நிற்கும் ஆளின்மேல் ஏற்றுகிறது. கோட்டையில் ஆணை பிறந்தும் வட்ட அலுவலகத்தில் காரியம் நடக்கவில்லை என்னும் புகாருக்கு இதைவிடப் பொருத்தமான வாய்மொழி இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு: சாமியைக் கேள்வி கேட்க இப்பழமொழி இடம் தருவதில்லை.

காகிதத்தின்மீது இவ்வளவு பழி சுமத்தும் முன், இம்மாவட்டத்தில் காகிதம் எவ்வாறு வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி–தர்மபுரிப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர் உள்ளிட்ட மேட்டுநிலப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு சேர்ந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் பாரமகாலில்தான், ஜமீன்தார் என்ற இடையாளை ஏற்காமல், ஒவ்வொரு உழவரோடும் அரசு நேராகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறைக்கு வித்திட்டனர். இடையாள் இல்லையெனில் ஒவ்வொரு வயலுக்கும் அளவும் கணக்கும் வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் என்று இன்றும் புழங்கும் ஆவணங்களின் வேர் அத்தேவையில் இருக்கிறது. பட்டா என்பது நிலத்துக்குரியவர் இன்னார் என அரசு தரும் சான்று. ஆண்டுதோறும் வட்ட அலுவலகங்களில் வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியும் அம்மரபின் எச்சமே. பூசாரியை நீக்கியதனால் வந்த காகிதம் இது என்பதை மறந்துவிடக் கூடாது. லண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், இந்திய ஆட்சி முழுவதும் எழுத்தில் நடப்பதே அதன் பெரும் பாதுகாப்பு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின்முன் 1852இல் வாதிட்டார். டிக்கன்ஸ் நகைத்த அதே காலத்தில் மில் புகழ்ந்தார். இருவரும் பேசியது ஒரே காகிதக் கட்டைப் பற்றித்தான்.

அலுவலக நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் மில்லின் வாதத்துக்கு வலுக்கூடும். சென்னை மாகாணத்தின் வருவாய்த் துறையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்ற ‘டாட்டன்ஹாம் முறை’யின்படி ஒவ்வொரு எழுத்தரும் ‘தன்பதிவேடு’ என்ற பேரேட்டை வைத்திருக்கவேண்டும். தபாலில் வந்த தாள் எந்த நாளில் அவர் கைக்கு வந்தது, யாருக்கு எழுதப்பட்டது, எப்போது பதில் வந்தது, எப்போது நினைவூட்டப்பட்டது என்பன அதில் கட்டம் கட்டமாகப் பதியப்படும். காரியம் முடிந்த கோப்புகளும் அவற்றின் ஆயுளுக்கேற்ப வகைப்படும்: ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக, டி.டிஸ். என்றால் 10 ஆண்டு, கே.டிஸ். என்றால் 3 ஆண்டு, எல்.டிஸ். என்றால் ஓராண்டு காக்கப்படும். தாமதம் எந்த மேசையில் நேர்ந்தது என்பதைக் காட்டிக்கொடுப்பதற்காகவே உண்டான ஏடு தன்பதிவேடு. அதை நிரப்புவதே பாதி நாள் வேலையாகி, மேலதிகாரி ஏட்டைத் தணிக்கை செய்தாரேயன்றிக் காரியம் நடந்ததா என்று பாராமற்போகும்போது, பாதுகாப்பே நாடாவாக மாறிவிடுகிறது.

இனி இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வரலாம். ஆங்கிலத் தொடருக்கும் பூசாரிப் பழமொழிக்கும் அப்பால், மூன்றாவதாக ஒரு தொடரை இந்தியாவுக்குத் தந்தவர் ஓசூர் மண்ணில் பிறந்தவர். 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், அவ்வூர் முன்சீப்பின் மகனாகப் பிறந்த ராஜாஜி என்னும் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, ‘லைசென்ஸ்–பெர்மிட்–கோட்டா ராஜ்’ என்ற தொடரை இந்திய அரசியலில் நிலைநாட்டினார். ‘முன்சீப்’ என்பது தீர்வை வசூலிப்பதும் சிறு வழக்குகளைத் தீர்ப்பதுமான கிராம அதிகாரியின் பதவி. அதாவது அரசின் காகிதம் ஊரின் வாசலைத் தொடும் கடைசிக் கண்ணி. 1959இல், எண்பது வயதில், அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அத்தொடர் கட்சியின் போர்க்குரலாயிற்று. 1962 பொதுத்தேர்தலில் 18 மக்களவை இடங்களையும், 1967இல் 44 இடங்களையும் வென்ற அக்கட்சி பின்னர் மறைந்துவிட்டது. அதன் முழக்கமோ பொருளியல் நூல்களில் ஏறி, உலகெங்கும் ‘லைசென்ஸ் ராஜ்’ என்ற சுருங்கிய வடிவில் நிலைத்துவிட்டது.

அத்தொடரின் கூர்மை அதன் ஈற்றுச் சொல்லில் இருக்கிறது. நாடா என்றால் நோய் தாமதம், மருந்து விரைவு. ராஜ் என்றால் நோய் அதிகாரம். விரைவு அதற்கு மருந்தாகாது. உரிமம் ஒரே நாளில் கிடைத்தாலும், அது ஒருவருக்குக் கொடுக்கவும் இன்னொருவருக்கு மறுக்கவும் கூடியதாக இருக்கும்வரை, கொடுப்பவர் ஆள்பவராகவும் பெறுபவர் இரப்பவராகவும் இருப்பார் என்பதே ராஜாஜியின் வாதம். நாடாவைப் பற்றிப் புலம்பும் தொழிலதிபரே, தமக்கு உரிமம் கிடைத்தபின் போட்டியாளருக்குக் கிடைக்கக் கூடாதென்று விரும்புவார் என்பதையும் அது உள்ளடக்கியது. 1967இல் பொருளியலறிஞர் ஆர்.கே. ஹசாரி தொழில் உரிமமுறை பற்றி அரசுக்கு அளித்த அறிக்கை, உரிமங்களைப் பயன்படுத்துவதற்காக மட்டுமல்ல, பிறர் நுழையாமல் தடுப்பதற்காகவும் பெருநிறுவனங்கள் விண்ணப்பங்களைக் குவித்ததைச் சுட்டிக்காட்டியபோது, இக்கருத்துக்குச் சான்று கிடைத்தது.

இங்கே ஒரு முரண்பாட்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெர்மிட் என்பதை ராஜாஜி எதிர்முகாமிலிருந்து மட்டும் அறிந்தவரல்லர். சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபரில் அவர் மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது, அப்போது ஓசூரையும் உள்ளடக்கியிருந்த தம் சொந்தச் சேலம் மாவட்டத்தில். விதிவிலக்கு வேண்டுவோர்க்கு அனுமதிச் சீட்டு தருவது அச்சட்டத்தின் ஓர் அங்கம். 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்ததும் அவருடைய அரசே. அவ்வரியின் வழிவந்த சட்டங்களின் கீழ்தான் பின்னாளில் மாநில எல்லைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. ஓசூருக்கு அருகே பெங்களூர்ச் சாலையில் ஜூஜூவாடிச் சாவடி அவற்றுள் பேர்போனது. மறுபுறம், 1952இல் மீண்டும் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் துணிந்து நீக்கியவரும் அவரே. கட்டுப்பாட்டை விதித்தும் விலக்கியும் பார்த்தவர் என்பதாலேயே அவருடைய தொடருக்கு, வெளியில் நின்று நகைப்பவரின் தொடருக்கில்லாத கனம் வாய்த்தது எனலாம்.

ராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் நிறுவப்பட்ட சிப்காட், அதாவது தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டுக் கழகம், அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே தன் ஓசூர் வளாகத்தை அமைக்கத் தொடங்கியது. அந்நாளில் தனியார் ஒருவர் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட முதலீட்டில் ஆலை தொடங்கவேண்டுமானால், 1951ஆம் ஆண்டின் தொழில் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டப்படி டெல்லிக்கு விண்ணப்பிக்கவேண்டும். உரிமக் குழு இசைந்தால் முதலில் ‘நோக்கக் கடிதம்’ என்ற தற்காலிக ஒப்புதல் வரும். அதை வைத்துக்கொண்டு இயந்திர இறக்குமதிக்குத் தனி அனுமதி, வெளிநாட்டுத் தொழில்நுட்ப ஒப்பந்தத்துக்குத் தனி அனுமதி, பங்கு வெளியிட மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி ஆகியவற்றைப் பெற்றபின்னரே நோக்கக் கடிதம் உரிமமாக மாறும். பெரும் தொழிற்குழுமமாயின் 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டமும் குறுக்கே நிற்கும். எத்தனை வண்டி, எத்தனை கடிகாரம் செய்யலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும்; அதற்கு மேல் செய்வது குற்றம். திறமையாக உற்பத்தியைப் பெருக்கியவர் விளக்கம் எழுதித்தர வேண்டியிருந்த விந்தையான காலம் அது.

ஆயினும் ஓசூரை ஆக்கியதில் அந்த முறைக்கே பங்குண்டு. 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பெருநகரங்களின் குறிப்பிட்ட எல்லைக்குள் புதிய ஆலைகளுக்கு உரிமம் தருவதில்லை என்று 1977ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை அறிவித்தது. பெங்களூர் அப்பட்டியலில் வரும் நகரம். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், பின்தங்கிய தர்மபுரி மாவட்டத்துக்குரிய சலுகைகளோடு, வேறொரு மாநிலத்தில் இருந்தது ஓசூர். பெருநகரின் திறனாளரும் துணைத்தொழில்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பின்தங்கிய பகுதி என்ற சான்றும் கையில் இருந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் வந்தன. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. உரிமத்துக்கு வழிதேட அரசுக் கழகத்தைக் கூட்டாளியாக்கும் ‘கூட்டுத்துறை’ முறை அக்காலத்தின் தனி உத்தி. லைசென்ஸ் ராஜ் என்ற வசையைத் தந்தவரின் பிறந்த ஊர்ப்பக்கமே லைசென்ஸ் விதிகளின் வளைவு நெளிவுகளால் தொழில்நகரமாயிற்று. 1991 ஜூலை 24 அன்று வெளியான தொழிற்கொள்கை, 18 தொழில்களைத் தவிர்த்து மற்றவற்றுக்கு மத்திய உரிமத்தை நீக்கியபோது, ஓசூர் அதற்குள் வேரூன்றிவிட்டது.

மத்திய உரிமம் போன பின்னரும் நிலம், மின் இணைப்பு, கட்டட வரைபடம், தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு, தொழிற்சாலைப் பதிவு எனப் பல அனுமதிகள் மாநில அளவில் நீடித்தன. இவற்றுக்கு மருந்தாக வந்த தொடர் ‘ஒற்றைச் சாளரம்’. பல அலுவலகங்களின் அனுமதிகளை ஓரிடத்தில் விண்ணப்பித்து ஓரிடத்திலேயே பெறும் ஏற்பாட்டை அது குறிக்கும். தமிழ்நாட்டில் 1992இல் முதலீட்டாளர்களுக்கான வழிகாட்டி நிறுவனமும் 2018இல் தொழில் எளிதாக்கல் சட்டமும், கர்நாடகத்தில் 2002இல் தொழில் வசதிச் சட்டமும் இவ்வழியில் தோன்றின. எல்லையில் இருப்பதால் ஓசூர்த் தொழில்முனைவோர்க்கு இரு சாளரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. பெங்களூரில் பிறந்த ஏதர் மின்ஸ்கூட்டர் நிறுவனம் தன் ஆலையை ஓசூரில் அமைத்தது இத்தகைய தெரிவுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கூர்ந்து நோக்கினால், ஒற்றைச் சாளரம் நாடாவுக்கு மருந்தே தவிர ராஜுக்கு மருந்தன்று. சாளரம் ஒன்றானாலும் அதன் உட்புறம் அமர்ந்திருக்கும் துறைகள் பலவே. கேட்கவேண்டியதா என்ற வினாவை விட்டுவிட்டு, எங்கே கேட்பது என்பதை மட்டும் அது எளிதாக்குகிறது.

அனுமதி விரைவதற்கும் அனுமதியே தேவையற்றுப் போவதற்கும் உள்ள வேறுபாட்டை ஜூஜூவாடி காட்டும். மாநிலங்களுக்கிடையிலான விற்பனைக்கு ‘சி’ படிவம் என்றொரு தாள் இருந்தது. ஓசூரின் சிறு லேத் பட்டறை பெங்களூர்ப் பீன்யாவின் ஆலைக்கு உதிரிபாகம் விற்றால், சலுகை வரி பெறுவதற்கு வாங்கியவர் தம் மாநில வணிகவரித் துறையிடமிருந்து அப்படிவத்தைப் பெற்று அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் முழு வரியும் விற்றவர் தலையில் விழும். சரக்கு அரை நாளில் போய்ச்சேரும். தாள் வருவதற்கு மாதங்கள் ஆகும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு–சேவை வரி நடைமுறைக்கு வந்ததோடு சி படிவத்தின் தேவை உற்பத்திப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒழிந்தது. வணிகவரிச் சாவடிகளும் அகன்றன. 2018 ஏப்ரல் முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. அச்சீட்டைத் தருவதற்கோ மறுப்பதற்கோ அதிகாரி எவரும் இல்லை. சரக்கை அனுப்புபவரே கணினியில் பதிந்துகொள்கிறார். ராஜாஜியின் அளவுகோலின்படி இதுவே மெய்யான மாற்றம். ஆனால் 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அதே எல்லையைத் தாண்ட இ–பாஸ் கேட்கப்பட்டதும், பெங்களூரில் வேலை செய்த ஓசூர்க்காரர்கள் அதற்காகக் கைபேசியும் கையுமாகக் காத்துக்கிடந்ததும், பெர்மிட் எவ்வளவு விரைவில் திரும்பக்கூடியது என்பதைக் காட்டின.

தொடரின் பயன்பாட்டில் இறுதியாகக் கவனிக்கவேண்டியது, அதைச் சொல்பவர் யார் என்பது. சிவப்பு நாடா என்பது விண்ணப்பிப்பவரின் வாயில் பிறக்கும் சொல். தொழிற்பேட்டைக்காகத் தம் நிலம் எடுக்கப்படும் சூளகிரி உழவர் அச்சொல்லை ஆள்வதில்லை. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், நிலத்தை எடுப்பதற்கு முன் உரியவருக்கு அறிவிப்பு தந்து, ஏன் எடுக்கக் கூடாது என்று அவர் காரணம் காட்ட வாய்ப்பளிக்கவேண்டும் என்கிறது. ஆலை முதலாளியின் நாட்காட்டியில் அது தாமதம். உழவருக்கோ பேசக் கிடைத்த ஒரே வேளை. பட்டாவில் பெயர் மாறாமல் பாட்டன் பெயரிலேயே கிடக்கும் நிலத்துக்காரர் அந்த அறிவிப்பைப் பெறாமலே போகவும் கூடும். அப்போது அவரைக் கெடுப்பது காகிதத்தின் மிகுதியன்று, குறைவு. தொழிலகப் பாதுகாப்பு ஆய்வும் அத்தகையதே: அழுத்தப் பொறியில் கைவிரலை இழக்கும் அபாயத்தோடு வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆய்வாளரின் படிவம் நாடாவாகத் தோன்றுவதில்லை. ஆகவே ஒரு நடைமுறையை நாடா என்று அழைக்குமுன் இரண்டு வினாக்கள் எழவேண்டும்: அது யாரைத் தடுக்கிறது, அதை நீக்கினால் யாருடைய வாய் அடைபடும்? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புதிய தொழிற்பூங்காக்களுக்கு நிலம் தேடப்படும் ஒவ்வொரு முறையும் இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகள் ஒன்றாக இருப்பதில்லை.